சர்வரிலிருந்து ஸ்பேம் மெயில் போகிறதா? அறிகுறியைப் பார்த்து வழியை அடைப்பது எப்படி

சின்னக் கடைகள், பள்ளிகள், பனியன் கம்பெனிகள் என்று நாற்பது ஐம்பது தளங்கள் ஒன்றாகக் குடியிருக்கும் சிபேனல் (தளங்களை நிர்வகிக்க உதவும் மென்பொருள்) சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரே புகார் வரும்: "நாங்க அனுப்பாத மெயில் எங்க பேர்ல போகுது." ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடி அலுத்துப்போய், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சிபேனல், அதை நிர்வகிக்கும் டபிள்யூஎச்எம், உள்ளே மெயில் அனுப்பும் எக்ஸிம், இந்த மூன்றையும் வைத்து எழுதியது. சிபேனலுக்குப் பதில் பிளெஸ்க் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸிமின் இடத்தில் பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கும். லாக்கின் (நடந்ததை வரி வரியாக எழுதி வைக்கும் பதிவின்) வடிவம் வேறு, தேடும் வரிசை இதேதான்.

எதையும் தொடுவதற்கு முன்

க்யூவில் (வெளியே போகக் காத்திருக்கும் வரிசையில்) இருபதாயிரம் மெயில் நிற்பதைப் பார்த்ததும் கை தானாக எல்லாவற்றையும் அழிக்கும் பட்டனுக்குப் போகும். தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். யார் அனுப்பினார்கள், எந்த வழியாக அனுப்பினார்கள் என்ற தடயம் அந்த மெயில்களின் ஹெடரில்தான் (மெயிலோடு ஒட்டி வரும் பயண விவர வரிகளில்தான்) இருக்கிறது. க்யூவை அழித்தால் அதுவும் போகும், மற்ற தளக்காரர்களின் நல்ல மெயிலும் போகும். ஒரு மணி நேரம் கழித்து க்யூ மறுபடி நிரம்பும்போது நீங்கள் ஆரம்பித்த இடத்திலேயே நிற்பீர்கள்.

முதலில் வெளியே போவதை நிறுத்துங்கள். ஒரு மெயில்பாக்ஸ் மட்டும்தான் என்று தெரிந்தால், சிபேனலில் ஈமெயில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் அந்த முகவரிக்கு எதிரே உள்ள மேனேஜ் பட்டனை அழுத்துங்கள். அங்கே வெளியே அனுப்புவதை ஹோல்டில் வைக்கலாம். ஹோல்டில் வைத்தால் மெயில் க்யூவிலேயே நிற்கும், தடயம் அழியாது. சஸ்பெண்ட் செய்தால் புது மெயிலை சர்வர் ஏற்காமலே திருப்பிவிடும். முழு அக்கவுண்டையும் நிறுத்த வேண்டுமானால் டபிள்யூஎச்எம்ஏபிஐ1 கட்டளையில் ஹோல்ட்_அவுட்கோயிங்_ஈமெயில் என்ற வசதி இருக்கிறது. தளம் வழக்கம்போல ஓடும், மெயில் மட்டும் நிற்கும்.

அப்புறம் டபிள்யூஎச்எம்மில் மெயில் க்யூ மேனேஜரைத் திறந்து, ஒரே மாதிரி தெரியும் மெயில்களில் இரண்டை மட்டும் திறந்து முழு ஹெடரையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூஎச்எம் இல்லாமல் சிபேனல் மட்டும் வைத்திருப்பவர்கள் டிராக் டெலிவரி பக்கத்தைத் திறந்தால் எந்த முகவரியிலிருந்து எத்தனை போயிருக்கிறது என்பதாவது தெரியும்.

அறிகுறி 1: க்யூ வீங்கியிருக்கிறது, அல்லது ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து அபியூஸ் (தவறான பயன்பாட்டுப் புகார்) நோட்டீஸ் வந்திருக்கிறது

டபிள்யூஎச்எம்மில் வியூ சென்ட் சம்மரி என்ற பக்கத்தைப் பாருங்கள். எந்த அக்கவுண்ட் எத்தனை மெயில் அனுப்பியது என்று வரிசையாகக் காட்டும். ஸ்பேம் அனுப்பும் அக்கவுண்ட் மற்றவற்றைவிட நூறு மடங்கு உயரத்தில் நிற்கும், தேடவே வேண்டாம். டெர்மினலில் பழகியவர்கள் எக்ஸிம் கட்டளைக்குப் பின் ஒரு கோடும் அதை ஒட்டி பி (b), பி (p), சி (c) என்ற மூன்று எழுத்தும் சேர்த்து அடித்தால் க்யூவின் எண்ணிக்கை வரும். என் சர்வர்களில் சாதாரண நாளில் அது முப்பதைத் தாண்டாது.

அக்கவுண்ட் தெரிந்ததும் எக்ஸிமின் மெயின்லாக்கில் அந்த மெயிலின் அடையாள எண்ணைத் தேடுங்கள். <= என்ற குறி உள்ள வரிதான் மெயில் உள்ளே வந்த வரி. => என்றால் வெளியே சேர்ந்தது, == என்றால் தள்ளிப்போனது,  ** என்றால் மறுக்கப்பட்டது. நமக்கு வேண்டியது <= உள்ள வரி. அதில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரியும்.

1-அ: அந்த வரியில் டவ்காட்_லாகின் அல்லது டவ்காட்_பிளெயின் என்று இருந்தால்

டவ்காட் என்பது மெயில்பாக்ஸ் லாகினைச் சரிபார்க்கும் மென்பொருள். யாரோ ஒரு மெயில்பாக்ஸின் பாஸ்வேர்டை வைத்து முறையாக உள்ளே வந்து அனுப்புகிறார்கள். அந்த வார்த்தைக்கு அடுத்து முகவரியே எழுதியிருக்கும். வரியில் உள்ள ஐபி எண்களையும் பாருங்கள். ஒரே மெயில்பாக்ஸ் பத்து நிமிடத்துக்குள் ஐந்து நாடுகளிலிருந்து லாகின் ஆகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காரணங்களை எளிதிலிருந்து கடினத்துக்கு இப்படிப் பாருங்கள். பாஸ்வேர்ட் பலவீனம்: கடைப் பெயர், அதோடு @123. இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அடுத்தது, அதே பாஸ்வேர்டை வேறு ஏதோ தளத்திலும் வைத்து அங்கிருந்து கசிந்தது. அதற்கும் அடுத்தது, "உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்" என்று வந்த போலி மெயிலை நம்பி அவர்களே தட்டிக் கொடுத்தது. கடைசியாக, அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்ட் திருடும் வைரஸ்.

முதல் மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான். பாஸ்வேர்டை நீளமாக, சிபேனலே உருவாக்கித் தரும் ஒன்றாக மாற்றுங்கள். முன்பே திறந்திருக்கும் இணைப்புகள் வழியே இன்னும் கொஞ்சம் போகலாம் என்பதால் எக்ஸிம், டவ்காட் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த முகவரியின் ஸ்பேமை மட்டும் க்யூவிலிருந்து அழியுங்கள்.

நான்காவது காரணம்தானா என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஆனால் இரண்டு நாளைக்குப் புது பாஸ்வேர்டை அலுவலகக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். போனில் மட்டும் மெயில் பாருங்கள். இரண்டு நாளும் அமைதியாக இருந்து, கம்ப்யூட்டரில் போட்ட அன்றே மறுபடி ஆரம்பித்தால், சர்வரை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

இதில் ஒன்றைத் தவறவிடவே கூடாது. மெயில்பாக்ஸ் பாஸ்வேர்ட் போய்விட்டது என்றால் ஸ்பேம் அனுப்பியது சின்னச் சேதம். உள்ளே வந்தவர் பழைய மெயில்களையும் படித்திருப்பார். திருப்பூரில் ஒரு சின்ன ஏற்றுமதி அலுவலகத்தில் இதைச் சரிசெய்து முடித்துக் கிளம்பும் நேரம், வெப்மெயிலில் ஃபில்டர்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "இன்வாய்ஸ்" என்ற சொல் உள்ள எல்லா மெயிலும் எங்களுக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு நகல் போகும்படி ஒரு விதி உட்கார்ந்திருந்தது. கணக்கு பார்க்கும் பெண்ணுக்கு முகமே வெளிறிவிட்டது. "அண்ணா, அதை நான் வைக்கலீங்க" என்றார். அன்றே வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போனில் பேசி, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் வந்தால் நம்ப வேண்டாம் என்று சொன்னார்கள். அதனால் பாஸ்வேர்ட் மாற்றிய கையோடு அந்த மெயில்பாக்ஸின் ஃபில்டர்கள், ஃபார்வர்டர்கள், ஆட்டோ ரெஸ்பாண்டர் மூன்றையும் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பணம் ஏற்கெனவே வேறு கணக்குக்குப் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மெயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1-ஆ: டவ்காட் இல்லை, யூசர் பெயரும் பி=லோக்கல் என்பதும் இருந்தால்

பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் தளத்துக்குள் இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் அனுப்புகிறது. <= வரிக்குச் சற்று மேலே சிடபிள்யூடி= என்று தொடங்கும் வரி இருக்கும். எந்த டைரக்டரியிலிருந்து மெயில் கிளம்பியது என்பதை அது சொல்லிவிடும். ஹெடரில் எக்ஸ்-பிஎச்பி-ஸ்கிரிப்ட் அல்லது எக்ஸ்-பிஎச்பி-ஒரிஜினேட்டிங்-ஸ்கிரிப்ட் என்ற வரியும் இருந்தால் ஃபைலின் பெயரே கிடைத்துவிடும்.

அந்த டைரக்டரியை நிதானமாகப் படியுங்கள்.

வேர்ட்பிரஸ் தளத்தில் அப்லோட்ஸ் ஃபோல்டரின் உள்ளே 2019, அதன் உள்ளே 03 என்று ஏதோ ஒரு மாதத்தைக் காட்டினால், அங்கே படங்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். பிஎச்பி ஃபைல் ஒன்று இருந்தால் அது வெளியாள் வைத்தது. திறந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு நீளமான வரி இருக்கும், ஈவல், பேஸ்64_டிகோட், ஜிஇசட்இன்ஃப்ளேட் போன்ற சொற்களில் தொடங்கி அர்த்தமில்லாத எழுத்துகளாக ஓடும். ஒருமுறை நான் பார்த்த ஃபைலின் தேதி, பக்கத்தில் இருந்த படங்களின் தேதியோடு அச்சாக ஒத்துப்போனது. வைத்தவரே தேதியை மாற்றியிருந்தார். அதனால் ஃபைல் தேதியை மட்டும் நம்பித் தேடாதீர்கள்.

டைரக்டரி வெறும் பப்ளிக்_எச்டிஎம்எல் என்று முடிந்தால் கதை வேறு. வேர்ட்பிரஸ் தன் முகப்பு ஃபைல் வழியாகத் தானே அனுப்பியது என்று பெரும்பாலும் அர்த்தம். காண்டாக்ட் ஃபார்ம், கமெண்ட் அறிவிப்பு, புது யூசர் பதிவு, இவற்றில் ஒன்றாக இருக்கும். அறிகுறி 3-க்குப் போங்கள்.

பிளகின் அல்லது தீம் ஃபோல்டரைக் காட்டினால் அந்தப் பிளகினில்தான் ஓட்டை. 2020 செப்டம்பரில் வேர்ட்பிரஸின் ஃபைல் மேனேஜர் பிளகினில் வந்த ஓட்டை நினைவிருக்கலாம். லாகின் கூட இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஃபைல் ஏற்ற முடிந்தது. அப்போது நுழைந்த ஃபைல்கள் அப்டேட் செய்த பிறகும் அங்கேயே கிடக்கும் தளங்கள் உண்டு. அப்டேட் ஓட்டையைத்தான் அடைக்கும், உள்ளே வந்துவிட்ட ஃபைலை எடுக்காது.

செய்ய வேண்டியது: ஃபைலை அழிக்காமல் தளத்துக்கு வெளியே நகர்த்திப் பெயரை மாற்றுங்கள். அந்தத் தளத்தின் ஆக்சஸ் லாக்கில் அந்த ஃபைல் பெயரோடு வந்த போஸ்ட் (தளத்துக்குள் தகவல் அனுப்பும்) கோரிக்கைகளைத் தேடுங்கள். எந்த ஐபியிலிருந்து வந்தது, அதே ஐபி வேறு எந்த ஃபைலைத் தொட்டது என்று பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது கதவும் தெரிந்துவிடும். ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நின்றுவிட்டால் மற்றவை அப்படியே இருக்கும். அப்புறம் சிபேனலுக்கு இலவசமாகக் கிடைக்கும் இம்யூனிஃபைஏவி, அல்லது மால்டெட், ஏதாவது ஒரு வைரஸ் ஸ்கேனரை அந்த அக்கவுண்ட் முழுவதும் ஓட விடுங்கள். டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸை டெர்மினலிலிருந்து இயக்கும் கருவி) இருந்தால் அதன் கோர் வெரிஃபை-செக்சம்ஸ் கட்டளை மாற்றப்பட்ட வேர்ட்பிரஸ் ஃபைல்களையும், அந்த இடத்தில் இருக்கக் கூடாத ஃபைல்களையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

1-இ: அனுப்புநர் இடத்தில் <> மட்டும் இருந்தால்

க்யூவில் நிற்பவை உங்கள் சர்வரே உருவாக்கிய பவுன்ஸ் மெயில்கள். இல்லாத முகவரிகளுக்கு வரும் ஸ்பேமை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு "சேரவில்லை" என்று பொய்யான அனுப்புநருக்குத் திருப்பி அனுப்ப முயல்கிறது. சிபேனலில் டிஃபால்ட் அட்ரஸ் பக்கத்துக்குப் போய், இல்லாத முகவரிக்கு வருவதைப் பிழைச் செய்தியோடு அப்போதே மறுக்கும்படி வையுங்கள். அந்த அமைப்பின் பெயர் :ஃபெயில்: என்பது. நிரம்பி வழியும் மெயில்பாக்ஸ், யாரும் கவனிக்காத ஆட்டோ ரெஸ்பாண்டர் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

அறிகுறி 2: நான் அனுப்பாத மெயிலுக்கு "டெலிவர் ஆகவில்லை" என்று திரும்பி வந்து கொட்டுகிறது, ஆனால் க்யூ காலி

பயந்து போன் செய்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான். அவர்களை யாரும் ஹேக் செய்திருக்க மாட்டார்கள். வேறு எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு யாரோ அனுப்புகிறார்கள். திரும்பி வருவது மட்டும் உங்களிடம் வருகிறது. தபாலில் மொட்டைக் கடிதம் போடுபவன் உறையின் பின்னால் உங்கள் விலாசத்தை எழுதிவிட்டால், சேராத கடிதமெல்லாம் உங்கள் வீட்டுக்குத்தானே வரும்!

சரிபார்ப்பது எளிது. திரும்பி வந்த மெயிலுக்குள் மூல மெயிலின் ஹெடர் இருக்கும். அதில் ரிசீவ்ட் என்று தொடங்கும் வரிகளில் கீழே உள்ளவற்றைப் படியுங்கள். உங்கள் சர்வரின் ஐபி எங்குமே இல்லை என்றால் உங்கள் பக்கம் சுத்தம். இருந்தால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

உங்கள் பக்கம் சுத்தம் என்றால் பாஸ்வேர்டை மாற்றுவதில் பயன் எதுவும் இல்லை. டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை உலகுக்குச் சொல்லும் பதிவேடு) எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் உங்கள் பேரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் தேறாததை என்ன செய்வது என்ற விதி) மூன்றையும் வையுங்கள். சிபேனலில் ஈமெயில் டெலிவரபிலிட்டி என்ற பக்கமே முதல் இரண்டில் எது குறைகிறது என்று காட்டும். டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பில் வைத்து, உங்கள் நல்ல மெயில் எல்லாம் ஒழுங்காகத் தேறுகிறது என்று உறுதியான பிறகு குவாரன்டைன் (ஸ்பேமில் தள்ளு), ரிஜெக்ட் (மறுத்துவிடு) என்று இறுக்குங்கள். எஸ்பிஎஃப்பில் ஊரில் உள்ள சேவைகளை எல்லாம் சேர்க்காதீர்கள். டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் எஸ்பிஎஃப் முழுவதுமே பிழை என்று ஆகிவிடும்.

கொட்டுவது வழக்கமாக ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அறிகுறி 3: தளத்தின் ஃபார்ம் வழியாக முன்பின் தெரியாதவர்களுக்கு மெயில் போகிறது

ஹெடரைப் பார்த்தால் எல்லாம் முறையாக இருக்கும். ஸ்கிரிப்ட் உங்களுடையது, வைரஸ் இல்லை, ஸ்கேனரும் எதையும் பிடிக்காது. ஆனால் மெயிலின் மேலே "எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி" என்றும், கீழே ஏதோ சூதாட்டத் தளத்தின் லிங்க்கும் இருக்கும்.

ஃபார்மை நிரப்பியவருக்கே ஒரு நகல் போகும் வசதிதான் இதற்கு வழி. ஸ்பேமர் தன் லிங்க்கைப் பெயர் கட்டத்திலோ செய்திக் கட்டத்திலோ எழுதி, மெயில் கட்டத்தில் யாரோ ஒருவரின் முகவரியைப் போடுகிறார். உங்கள் தளம் மரியாதையாக அவருக்கு நன்றி மெயில் அனுப்புகிறது, உள்ளே ஸ்பேம். எல்லோருக்கும் புது யூசர் பதிவைத் திறந்து வைத்திருக்கும் தளங்களிலும் வரவேற்பு மெயில் இதே போலப் பயன்படும்.

முதலில் நகல் அனுப்பும் வசதியை அணையுங்கள். செலவே இல்லை, பத்தில் எட்டு முறை பிரச்சினை அங்கேயே முடியும். நகல் கட்டாயம் வேண்டும் என்றால் நிரப்பியவர் எழுதிய எதையும் அதில் சேர்க்காதீர்கள், "உங்கள் செய்தி கிடைத்தது" என்று மட்டும் போகட்டும். அடுத்து டர்ன்ஸ்டைல் அல்லது ரீகேப்ட்சா (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனைகள்). தேவையில்லாத யூசர் பதிவை மூடுங்கள்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கையால் எழுதிய ஃபார்ம் என்றால் வேறு ஆபத்தும் இருக்கிறது. பெயர் கட்டத்தில் புது வரி ஒன்றைச் சேர்த்து பிசிசி (மறைமுக நகல்) முகவரிகளை நுழைக்க முடியும். அதை ஒட்டுப்போட முயலாதீர்கள். ஃபைலை எடுத்துவிட்டுத் தரமான ஃபார்ம் பிளகின் ஒன்றைப் போடுங்கள்.

அறிகுறி 4: ஸ்பேம் நின்றுவிட்டது, ஆனால் எங்கள் நல்ல மெயில் போகவில்லை

திரும்பி வரும் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். என்னிடம் வருபவர்கள் முதல் வரியை மட்டும் படித்திருப்பார்கள். பதில் கடைசி வரியில் இருக்கும்.

டொமைன் ஒரு மணி நேரத்துக்கான தோல்வி வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொன்னால், தடுத்தது உங்கள் சிபேனல்தான். தோல்வியடைந்த மெயில்களின் விகிதம் அதிகமானதால் காவல் போட்டிருக்கிறது. மூலக் காரணம் தீர்ந்திருந்தால் ஒரு மணி நேரம் பொறுத்தால் தானே விடும். வரம்பை உயர்த்தி வைத்து வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் காவல் இருந்ததால்தான் இருபதாயிரம் போக வேண்டிய இடத்தில் இருநூறோடு நின்றது.

ஸ்பாம்ஹவுஸ் (ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் அமைப்பு) என்ற பெயர் இருந்தால் உங்கள் ஐபி பிளாக்லிஸ்டில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் ஐபியைக் கொடுத்து எந்தப் பட்டியல் என்று பாருங்கள். பிபிஎல் என்றால் அது தண்டனை இல்லை, நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு, அலுவலக இணைப்புகளின் பட்டியல். உங்கள் மெயில் ஆப் சர்வரின் 587 அல்லது 465 போர்ட்டில் பாஸ்வேர்ட் கொடுத்து அனுப்புகிறதா என்று மட்டும் பாருங்கள். எக்ஸ்பிஎல், சிஎஸ்எஸ் என்றால் ஸ்பேம் உண்மையிலேயே போயிருக்கிறது. ஓட்டையை அடைத்த பிறகு நீக்கச் சொல்லிக் கேளுங்கள், அடைக்காமல் கேட்டால் மறுநாளே திரும்பச் சேர்ப்பார்கள், அடுத்த முறை நீக்குவது கடினமாகும். ஸ்பாம்ஹவுஸ் நீக்குவதற்குக் காசு வாங்குவதில்லை. பணம் கொடுத்தால் நீக்குகிறோம் என்று யாராவது மெயில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

இங்கே பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக ஸ்பாம்ஹவுஸைக் கேட்டால் 127.255.255.254 என்று பதில் வரும். அதற்கு "இந்த வழியாகக் கேட்காதே" என்று அர்த்தம், பட்டியலில் இருப்பதாக அர்த்தம் இல்லை. சர்வரே இந்த டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தி, ஃபில்டரும் இந்தப் பதிலைத் தவறாகப் புரிந்துகொண்டால், உள்ளே வரும் நல்ல மெயிலைக்கூட மறுத்துவிடும்.

ஜிமெயில் மறுத்து 5.7.26 என்ற எண் தெரிந்தால் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் தேறவில்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு டிமார்க்கோடு சேர்த்து மூன்றும் வேண்டும், ஸ்பேம் என்று குறிப்பவர்களின் விகிதமும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர்! விலைப்பட்டியலை எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பும் கடைக்காரர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட மொத்த மெயிலைப் பொது ஹோஸ்டிங்கிலிருந்து அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஐபியில் பக்கத்தில் இருக்கும் பள்ளியின் மெயிலும் அதனால் நிற்கும்.

பொது ஹோஸ்டிங்கில் இருந்து, உங்கள் அக்கவுண்ட் சுத்தமாக இருந்தும் ஐபி பட்டியலில் இருந்தால், வேறொரு வாடிக்கையாளர்தான் காரணம். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஹோஸ்டிங் சப்போர்ட்டில் டிக்கெட் போட்டு, வேறு ஐபி அல்லது ரிலே (வேறு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) கேளுங்கள்.

அறிகுறி 5: ஜிமெயில் மட்டும் "அளவுக்கு மீறி ஸ்பேம் வருகிறது" என்கிறது, எங்கும் ஹேக் இல்லை

ஃபார்வர்டர்ஸ் பக்கத்தைத் திறங்கள். கடை முகவரிக்கு வருவதை எல்லாம் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டிருப்பார்கள். கடை முகவரிக்கு வரும் ஸ்பேமும் உங்கள் சர்வர் வழியாகத்தான் ஜிமெயிலுக்குப் போகிறது. ஜிமெயிலின் கண்ணில் அனுப்புவது நீங்கள். அதிலும் டிஃபால்ட் அட்ரஸையே ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால், இல்லாத முகவரிகளுக்கு வரும் குப்பை எல்லாம் சேர்ந்து போகும்.

ஃபார்வர்டரை எடுத்துவிட்டுப் போனில் மெயில் ஆப்பில் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியாகக் கடை முகவரியையே நேராகச் சேர்த்துக் கொடுங்கள். பழகியவர்கள் முதலில் சம்மதிக்க மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

அறிகுறி 6: சுத்தம் செய்தும் இரண்டு நாளில் திரும்ப வருகிறது

எனக்கு அதிகம் தூக்கம் கெடுத்தது இதுதான். வந்த வழியை அடைக்காமல் வந்த ஃபைலை மட்டும் எடுத்திருப்போம். இந்த வரிசையில் பாருங்கள்.

கிரான் ஜாப்ஸ் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகள்). சிபேனலில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் நீங்கள் வைக்காத ஒரு வரி, ஒவ்வொரு நிமிடமும் எங்கிருந்தோ ஃபைலை இறக்கி வைத்துக்கொண்டிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ். சிலவகை வைரஸ் தன் ஃபைலை அழித்துவிட்டு நினைவகத்தில் மட்டும் ஓடும். நீங்கள் முகப்பு ஃபைலைச் சுத்தம் செய்து சேமித்த மறு நொடியே பழையபடி எழுதிவிடும். அந்த யூசரின் பிராசஸ்களை எல்லாம் நிறுத்திவிட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

.யூசர்.ஐஎன்ஐ ஃபைல். அதில் ஆட்டோ_பிரிபெண்ட்_ஃபைல் என்ற வரி இருந்தால், தளத்தின் எந்தப் பக்கம் திறந்தாலும் முதலில் அந்த ஃபைல் ஓடும். வேர்ட்பிரஸின் எம்யு-பிளகின்ஸ் ஃபோல்டரையும் பாருங்கள், அங்கே இருப்பவை வழக்கமான பிளகின் பட்டியலில் கலந்து தெரியாது. யூசர் பட்டியலில் அறிமுகமில்லாத அட்மின் யாராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

பக்கத்துத் தளம். ஒரே சிபேனல் அக்கவுண்டில் ஐந்து டொமைன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒன்றைச் சுத்தம் செய்தால் மற்ற நான்கில் ஒன்று திரும்பத் தொற்ற வைக்கும், எல்லாம் ஒரே யூசரின் கீழ் ஓடுவதால் தடுப்புச் சுவர் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் "டெஸ்ட்", "ஓல்டு" என்று ஒரு ஃபோல்டரில் போட்டு மறந்த பழைய வேர்ட்பிரஸ்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, இது யாருக்காவது வேண்டுமா என்று கேட்டு, வேண்டாததை நீக்குங்கள்.

பைரேட்டட் தீம், பிளகின். இலவசமாகக் கிடைத்த "பிரீமியம்" தீம் இருந்தால் அதற்குள்ளேயே கதவு வைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். அதை நீக்காமல் மற்றவற்றைத் தேடுவது வீண்.

இத்தனைக்குப் பிறகும் வந்தால், தொற்றுக்கு முந்தைய தேதியின் பேக்கப்பிலிருந்து தளத்தைப் புதிதாக அமையுங்கள். வேர்ட்பிரஸ், பிளகின்கள் எல்லாம் புதிதாக இறக்கியவை. பழையதிலிருந்து படங்களும் டேட்டாபேஸும் மட்டும் வரட்டும். சிபேனல், எஃப்டிபி, டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் அட்மின் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்றுங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி எச்டிஆக்சஸில் தடை போடுங்கள்.

அறிகுறி 7: அபியூஸ் புகார் வருகிறது, எக்ஸிம் லாக்கில் ஒன்றுமே இல்லை

புகாரில் உள்ள ஹெடரில் உங்கள் ஐபி இருக்கிறது, அந்த நேரத்தில் லாக்கில் எதுவும் இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் எக்ஸிமைத் தொடாமல் நேரடியாக வெளியூர் சர்வர்களின் 25-ஆம் போர்ட்டோடு பேசுகிறது. டபிள்யூஎச்எம்மில் எஸ்எம்டிபி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்ற வசதியை இயக்குங்கள். ரூட் (சர்வரில் முழு அதிகாரம் உள்ள யூசர்), எக்ஸிம், மெயில்மேன் (மெயிலிங் லிஸ்ட் மென்பொருள்) தவிர யாரும் வெளியே நேரடியாக அனுப்ப முடியாது. இயக்கியதும் நின்றுவிட்டால், எந்த யூசரின் பிராசஸ் அது என்று தேடி 1-ஆ வழியில் போங்கள். இயக்கிய பிறகும் போகிறது என்றால் ரூட்டே கைமாறியிருக்க வாய்ப்பு இருக்கிறது. கையை எடுத்துவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

ரூட் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்த உடனே. அந்த நிலையில் சர்வருக்குள் எந்தக் கட்டளை சொல்லும் பதிலையும் நம்ப முடியாது. புது சர்வருக்கு மாற்றுவதுதான் முடிவு, அதை அனுபவம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். ஒரே தளம் மூன்றாவது முறை தொற்றினாலும் கூப்பிடுங்கள். தளத்தில் வாடிக்கையாளர்களின் விவரங்கள், பணப் பரிமாற்றம் இருந்தால் முதல் முறையே கூப்பிடுங்கள். பொது ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு முதல் ஆள் ஹோஸ்டிங் சப்போர்ட்தான், எக்ஸிம் லாக் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் கம்பெனி நடத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, மெயில் சர்வர் மீதான தாக்குதல் போன்றவை தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எக்ஸிம் லாக் சுழற்சியில் அழிந்துவிடாமல் அன்றே ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

வருபவரிடம் கொடுக்க இவை தயாராக இருக்கட்டும்: ஸ்பேம் மெயில் ஒன்றின் முழு ஹெடர், அதே மெயிலின் லாக் வரிகள், ஹோஸ்டிங் கம்பெனியின் நோட்டீஸ், நீங்கள் இதுவரை எதையெல்லாம் மாற்றினீர்கள், எந்த நேரத்தில் மாற்றினீர்கள் என்ற குறிப்பு. சர்வரின் கடிகாரம் எந்த நேரக் கணக்கில் ஓடுகிறது என்பதையும் மேலே எழுதிவிடுங்கள். வெளிநாட்டு டேட்டா சென்டரில் உள்ள சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். காலை 9 மணிக்கு நடந்ததை 9 மணி வரிகளில் தேடி, ஒன்றும் இல்லை என்று நானே ஒரு முழு காலையை வீணாக்கியிருக்கிறேன். அது 3:30 வரிகளில் இருந்தது.